பாட்டு யாருடையது? – பரிபாடல் முதல் தெருக்குரல் வரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்தொடர் வண்டியைப் பிடிக்க ஓடுவதிலேயே பாதி வாழ்நாளைக் கழிக்கும் தாம்பரத்து மக்கள், ஞாயிறு மாலையொன்றைக் கவிதைக்கென்று ஒதுக்கிப் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது சிறிய செயலன்று. இவ்விழாவில் 'சங்க இலக்கியத்தில் இசை' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அப்பொருளை நம் காலம் வரையில் நீட்டிக்கொள்ள இசைவு கேட்டேன், அன்போடு தந்தார்கள். நீட்டியதன் காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மாணவர்க்கான கவிதைப் போட்டியொன்றிற்கு நான் நடுவராக இருந்தேன். முடிச்சூரைச் சேர்ந்த இரு மாணவர்கள் ஒரு படைப்பைக் கொண்டு வந்தனர். 2015 திசம்பரில் அடையாறு பெருகி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர்கள் சிறுபிள்ளைகள். மாடியில் நின்று இரவெல்லாம் நீரைப் பார்த்திருந்ததை ஒருவன் பாட்டாக எழுதியிருந்தான். மற்றவன் தன் வீட்டில், ஒரு மடிக்கணினியைக் கொண்டு, அப்பாட்டுக்குத் தாளமும் ஒலியும் அமைத்திருந்தான். அவர்கள் அதனை 'ராப்' என்றனர். இக்காலத்தார் 'சொல்லிசை' என்று நல்ல தமிழில் வழங்குவதும் அதுவே. விண்ணப்பத்தில் இருவர் பெயரும் இருந்தன. போட்டி விதியோ ஒரு படைப்புக்கு ஒரு பெயர்தான் என்றது. நான் விதியைக் காட்டி, "பாட்டு யாருடையது? ஒரு பெயரை அடித்துவிடுங்கள்" என்றேன். தாளம் அமைத்தவன் சற்றும் தயங்காமல், "அவன் பேரே இருக்கட்டும் அம்மா, நான் சும்மா பீட் போட்டவன்தானே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வே பரிபாடலின் இசைக்குறிப்புகளைப் பற்றியது. அதை ஆராய்ந்து பட்டம் பெற்ற நான் கேட்கக்கூடாத கேள்வியை அல்லவா அம்மாணவனிடம் கேட்டுவிட்டேன்!

பரிபாடல் எழுபதில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. உ. வே. சாமிநாதையர் 1918-இல் அதனைப் பதிப்பித்தார். அப்பாடல்களிற் பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று செய்திகள் காணப்படுகின்றன: பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண். ஐந்தாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் கண்ணனாகனார், பண் பாலையாழ். பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என இசை வகுத்தோர் பெயர்கள் புலவர் பெயர்களுக்கு நிகராக அங்கே நிற்கின்றன. நல்லச்சுதனார் என்னும் பெயர் சில பாடல்களில் இசை வகுத்தவர் பெயராகவும், இருபத்தொன்றாம் பாடலில் பாட்டியற்றியவர் பெயராகவும் வருகிறது. சொல்லைத் தந்தவன் ஒருவன், ஒலியைத் தந்தவன் ஒருவன். இருவரும் ஆசிரியரே என்பது அந்நூலைத் தொகுத்த சான்றோர் கொண்ட முடிபு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் அமைதியையும் தனித்தனியே எடுத்துரைக்கின்றது. ஒருவருக்குள் மற்றவரை அது மறைத்துவிடவில்லை.

இனி அம்மாணவர்கள் பின்பற்றிய கலைக்கு வருவோம். அதன் பிறப்பை 1973 ஆகஸ்ட் 11 என்று நாள் குறித்தே சொல்வர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்கக வீட்டில், கூல் ஹெர்க் என்னும் சமைக்கா நாட்டு இளைஞர் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே பாடகர் ஓய, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் ஒன்றுண்டு. மக்கள் அவ்விடத்தில்தான் மிகுதியாக ஆடுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஒரே தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து மாற்றி மாற்றி இயக்கி அவ்விடத்தை நீட்டினார். அந்நீட்சியின்மேல் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொற்களை வீசியவர்கள் பின்னர் வந்தார்கள். ஆகவே இக்கலையில் தாளக்காரனே வீட்டுக்காரன். சொற்காரன் விருந்தாளியாக வந்தவன். நாம் பாட்டை முன்வைத்துத் தாளத்தைப் பக்கவாத்தியம் என்போம். அங்கே முறை தலைகீழ்.

இவ்வுண்மை தெளிவாக விளங்கும் இசைத்தொகுப்பு, டாக்டர் டிரே என்பவர் 1992 திசம்பரில் வெளியிட்ட 'தி குரோனிக்'. அவர் முதலில் இசையாக்குநர், ஒலியைக் கட்டுபவர். தம் குழுவினின்று பிரிந்து தனியே வெளியிட்ட முதல் தொகுப்பு அது. முகப்பில் அவர் முகம் ஒன்றே உள்ளது. உள்ளே கேட்டாலோ, ஸ்னூப் டாக், நேட் டாக், குரப்ட், தி லேடி ஆஃப் ரேஜ் எனப் பல குரல்கள். அவர் தம் வாயாற் பாடும் வரிகளிலும் பிறர் எழுதித் தந்தவை உண்டு. ஆயினும் கேட்போர் அதனை அவருடைய நூலாகவே கொண்டனர். ஏனெனில் எந்தக் குரல் எங்கே வர வேண்டும், எந்த அடியில் தாளம் அடங்கிச் சொல் தனித்து நிற்க வேண்டும் என்ற தேர்வுகள் அவருடையவை. அவ்விருந்தாளிகளுள் ஒருவராயிருந்த ஸ்னூப் மறு ஆண்டே தம் பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டுப் புகழ்பெற்றார். அதற்கும் இசை டிரேயே.

அத்தொகுப்பை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. பெண்களை இழிவுபடுத்தும் சொற்கள் அதில் மலிந்துள்ளன. வன்முறையைப் பெருமையாகப் பேசும் இடங்களும் உள்ளன. ஒரு பெண்ணாக அதை முழுதும் கேட்டு முடிக்க எனக்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஆனால் ஒரு தொகுப்பின் ஆசிரியன் யார் என்னும் வினாவுக்கு அது நல்ல சான்று.

அவ்வினாவின் மறுபக்கத்துக்கும் சான்று ஒன்றுண்டு. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்றொரு முரசுக் கலைஞர் இருந்தார். 1970-இல் வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்' என்னும் பாட்டின் நடுவே சில நொடிகள் அவர் தனித்து வாசித்தார். அச்சில நொடிகளை வெட்டியெடுத்துப் பின்வந்தோர் தம் பாடல்களுக்கு அடித்தளமாக்கினர். அவ்வாறு எழுந்த பாடல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை என்பர். உரிமை ஜேம்ஸ் பிரவுனுடையது. ஆகவே அவற்றிலிருந்து இவருக்குக் கிட்டியது மிகச் சொற்பம். 2017-இல் தம் 73-ஆம் வயதில் அவர் மறைந்தார். உலகெங்கும் கேட்கப்பட்ட கை அவருடையது. அக்கைக்குரியவர் பெயரை அறிந்தோரோ மிகச் சிலர்.

தமிழுக்கு இக்கலை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வாயிலாகத் திரைவழி நம் செவிக்கு வந்தது. மலேசியாவில் 'பொயட்டிக் அம்மோ' குழுவினர் 1998-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கன்டோனியம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, 'நட்சத்திரா' என்னும் பெயரில் மற்றிருவரோடு இணைந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். கோவையிலிருந்து ஆதி 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தந்தார். 2018 சனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதல் மேடை கண்டது. அப்பெயர் 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய கருத்தை அடியொற்றியது. கானாவும் பறையும் சொல்லிசையும் அங்கே ஒரே மேடையில் நின்றன. அம்மேடையில் அறியப்பட்டவர் அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு. அவரும் ஆஃப்ரோ என்னும் இசையாக்குநரும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தொகுப்பே 'தெருக்குரல்'.

அப்பெயர் திருக்குறளை நினைவூட்டி எழுந்தது என்பதை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை. வினாத் தொடுப்போரை நாட்டுக்குப் பகைவர் எனப் பழிக்கும் வழக்கை எதிர்த்து 'ஆன்டி இந்தியன்' என்னும் பாட்டு அதிலுண்டு. 2018 மே 22-இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த இளம்பெண் ஸ்னோலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டும் உண்டு. செய்தித்தாள்களில் எண்ணிக்கையாகக் குறைந்துபோன ஒருத்தியை மீண்டும் பெயராக ஆக்குவது கையறுநிலைப் பாடல்களின் பணி. புறநானூறு கற்பிக்கும் எனக்கு அத்தலைப்பு ஒன்றே போதுமானதாயிருந்தது.

நான் சுட்ட விரும்புவது, அத்தொகுப்பு இருவர் பெயரால் வழங்குகிறது என்பதை. டாக்டர் டிரேயின் தொகுப்பில் இசையாக்குநர் உரிமையாளர், பாடுவோர் விருந்தினர். நம் திரைப்பாடல்களிலோ பாடியவர் முகமும் இசையமைப்பாளர் பெயரும் விளங்கும். தாளம் வாசித்தவர் எவரென்றே தெரியாது. 'தெருக்குரல்' சொற்காரனையும் ஒலிக்காரனையும் ஒரே வரியில் நிறுத்திற்று. பரிபாடலின் அடிக்குறிப்பு ஈராயிரம் ஆண்டு கழித்து முகப்புக்கு வந்ததாகவே நான் அதனைக் கருதுகிறேன்.

இங்கே அமர்ந்துள்ள மரபுக் கவிஞர்கள், "அது பாட்டுத்தானா? யாப்பு எங்கே?" என்று வினவக்கூடும். நியாயமான வினா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வட்டத்தில் 'சொற்களின் இரைச்சல்' என்று அதனை நானே பழித்திருக்கிறேன். இன்று சற்றுப் பொறுமையோடு கேட்ட பின் கண்டதைச் சொல்கிறேன். சொல்லிசையின் அலகு நான்கு தட்டுக் கொண்ட ஒரு தாளவட்டம், 'பார்' என்பர். பதினாறு வட்டங்கள் சேர்ந்தது பொதுவாக ஒரு பாட்டுப்பகுதி. நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு என்னும் நடையில் அது ஏறக்குறைய 43 நொடிகளில் முடிந்துவிடும். அந்நொடிகளுக்குள் கதை சொல்லி, வாதாடி, முத்தாய்ப்பும் வைக்க வேண்டும்.

ஆங்கிலத்தார் அடியிறுதியில் ஒலியியைபு வைப்பர். நான்காம் தட்டில் ஓங்கி விழும் சிறுமுரசோடு அவ்வியைபு பொருந்தி நிற்கும். தமிழ் மரபோ அடிமுதலில் எதுகையும் மோனையும் வைத்தது; ஈற்றில் ஒலியொன்றுவதை 'இயைபு' என்று யாப்பு நூலார் வகுத்தும், நம் புலவர் அதனைப் பெரிதாக ஆளவில்லை. தமிழ்ச் சொல்லிசைக்காரர் கையில் இவ்விரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. முதல் தட்டில் மோனை, நான்காம் தட்டில் இயைபு, நடுவே எதுகை. மற்ற மொழியார்க்கு ஒரு முனையில் கிடைக்கும் பிடி, தமிழர்க்கு இரு முனையிலும் கிடைக்கிறது. சந்தத்துக்குச் சொல்லைப் பூட்டும் கலையில் அருணகிரியார் எட்டிய எல்லையை அறிந்த நாம் இதனை அயல் என்று ஒதுக்குவதற்கில்லை. குறையும் உண்டு; மறைக்க மாட்டேன். விரைவுக்காக நெடில் குறிலாகிறது, ழகரம் தேய்கிறது. நம் கவிஞர்கள் அவ்விளைஞர்களோடு அமர்ந்தால் தீரக்கூடிய குறைகள் இவை.

இனி, வலியுடைய ஒரு செய்திக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை அறியாதார் இவ்வவையில் இரார். பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை நினைந்து அறிவு அதனை எழுதினார். அப்பாட்டு உலகெங்கும் பரவிற்று. பரவிய பின், பெயர் குறித்த வழக்கு எழுந்தது. அவ்வாண்டு ஓர் இசையிதழின் அட்டையில் தீயின் படம் இருக்க அறிவின் படம் இல்லாதது கண்டு பலர் வருந்தினர். 2022 சூலை 28-இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இல்லாமலே மேடையேறிற்று. தாமே எழுதி, இசைகூட்டி, பாடியதாக அறிவு கூறினார். அது அனைவரும் கூடிச் செய்த ஆக்கம் என்றும், எவர் பங்கையும் மறைக்கவில்லை என்றும் சந்தோஷ் நாராயணன் கூறினார். 2024-இல், மூவாண்டு கழிந்தும் அப்பாட்டால் தமக்கோ உடன் கலைஞர்க்கோ வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பொதுவில் சொன்னார்.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. அதற்குரிய செய்திகள் என்னிடம் இல்லை. ஆனால் இவ்வழக்கு நம் இலக்கியத்தில் முன்னரே நடந்திருக்கிறது. அதை எழுதியவர் நமக்கு அயலூர்க்காரரும் அல்லர். பல்லாவரத்தைத் தாண்டினால் வரும் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான். ஞானசம்பந்தர் பாடப்பாட அப்பதிகங்களை யாழில் இட்டு வாசித்து உடன் நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் வந்தார். தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் உறவினர், சம்பந்தர் பாட்டு உலகில் பரவியது இவர் வாசிப்பாலேதான் என்று பேசினர். அது கேட்டு யாழ்ப்பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பாட்டொன்று பாடியருளுமாறு வேண்டினார். சம்பந்தரும் பாடினார். யாழில் அது அடங்கவில்லை. யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்கத் துணிந்தபோது, சம்பந்தர் தடுத்து அதனை வாங்கி, இக்கருவியில் அடங்குமளவு தொடர்ந்து வாசியும் என்று மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தார்.

பாட்டால் இசை பெருமை பெற்றதா, இசையால் பாட்டுப் பரவியதா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. இக்கதையைச் சொல்லின் வெற்றி என்று மட்டும் நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திவந்தேன். இன்று எனக்கு அதன் முடிவே பெரிதாகத் தோன்றுகிறது. வென்றவர் யாழைத் திருப்பித் தந்தார். இருவரும் மீண்டும் சேர்ந்தே நடந்தனர். கோயில் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்த பாணர்க்குத் திருவாரூரில் வடபுறம் தனி வாயில் திறந்தது என்றும், மதுரையில் பொற்பலகை இடப்பட்டது என்றும் சேக்கிழார் பாடுகிறார். அறுபத்து மூவருள் ஒருவராக அவர் பெயர் எண்ணப்படுகிறது. வெளியே நிறுத்தப்பட்ட தாளக்காரருக்குப் பெயரும் இருக்கையும் தருவது நம் மரபுக்கு அயலன்று. நாம்தான் அதனை இடையிலே மறந்தோம்.

மறந்தவர்களுள் நானும் ஒருத்தி என்று சொல்லவே இவ்வளவும் பேசினேன். நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு மலரைத் தொகுத்தவள் நான். அவ்விழாவைத் தொடங்கி வைத்தது ஒரு பறையிசை. கால் மணி நேரம் இவ்வரங்கமே எழுந்து நின்று கேட்டது. மலரில் கவிதை படித்த இருபத்து மூவர் பெயரையும் அகர வரிசையில் அச்சிட்டேன். பறை வாசித்த இருவரைப் பற்றி 'விழா பறை முழக்கத்துடன் இனிதே தொடங்கியது' என்று ஒரு வரி எழுதினேன். பரிபாடலின் அடிக்குறிப்பிலே ஆண்டுகள் பல கழித்தவள் எழுதிய வரி அது. அவர்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை. முடிச்சூர் மாணவன் வெளியே போய் நின்றபோது அவ்விருவரும் என் நினைவுக்கு வந்தனர்.

போட்டி விதியை மாற்றுமாறு எழுதிக் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை. அம்மாணவனை அழைத்து என் பிழையைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அடுத்த பாட்டுல ரெண்டு பேரும் போட்டுக்கறோம் அம்மா" என்றான். பறை வாசித்தவர்களை வட்டத்து நண்பர்கள் வழியாகத் தேடினேன். ஒருவரைக் கண்டுவிட்டோம், மற்றவரை இன்னும் காணவில்லை.

ஆகவே, இப்பத்தாம் ஆண்டு மலரின் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமைகிறேன். இம்மலரில் எழுதியோர் பெயரோடு, மேடையில் இசைத்தோர், ஒலியமைத்தோர், அச்சுக்கோத்தோர் பெயர்களும் அவரவர் பணியோடு இடம்பெற வேண்டும். பாடியவர், இசை வகுத்தவர், பண் என்று நம் முன்னோர் மூன்று குறிப்பு எழுதினர். நமக்கு ஒரு பக்கம் கூடுதலாகும், அவ்வளவே. ஐந்தாம் ஆண்டு மலரில் விடுபட்ட இரு பெயர்களுக்கும் அப்பக்கத்தில் இடம் வேண்டும். இரண்டாம் பெயர் அச்சேறுவதற்குள் கிடைக்காவிடின், அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள். அவ்வெறுமையைக் காணும் எவரேனும் பெயரை அறிந்து சொல்லக்கூடும்.